ஊட்டிக் குளிருக்கு வீட்டுக்குள் எந்தச் செடி?

சென்னையில் கேட்டால் ஸ்னேக் பிளான்ட் வாங்கச் சொல்வார்கள். தண்ணீர் ஊற்ற மறந்தாலும் சாகாது என்பார்கள். அங்கே அது உண்மை. 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் நான் அதற்கு முதலிடம் தர மாட்டேன். இங்கே தொட்டிச் செடிகளை அதிகம் கொல்வது குளிர்ந்து போன ஈர மண்தான்.

ஸ்னேக் பிளான்ட்டின் சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. இலையிலும் கிழங்கிலும் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஜூன், ஜூலையில் நாள் கணக்காக வெயிலே வராதபோது தொட்டி மண் காயவே காயாது. அந்தச் சமயத்தில் இலையின் அடியை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் சரி. கனிந்த வாழைப்பழம் மாதிரி அமுங்கி, கெட்ட வாடையும் வந்தால் அழுகல் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். மழைக்காலத்தில் செம்பைக் கையில் எடுக்காமல் இருக்க முடிந்தவர்கள் மட்டும் வாங்கலாம்.

கலாத்தியாவுக்கு வேறு பிரச்சினை. இலையின் கோலமும், இரவில் அது இலைகளை மேல்நோக்கி மடித்துக்கொள்வதும் யாரையும் மயக்கும். சமவெளியில் ஏசி காற்றில் அதன் இலை ஓரம் கருகும். நம் மழைக்கால ஈரக்காற்றில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் 15 டிகிரிக்குக் கீழே போனாலே வாட ஆரம்பித்துவிடும். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் ஹீட்டர் போட்டால் காற்று வறண்டு ஓரம் கருகும், சிலந்திப்பேனும் வரும். போடாவிட்டால் குளிரில் சுருளும். இன்னும் தாழ்வாக இருக்கும் குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் வேண்டுமானால் முயன்று பார்க்கலாம்.

மணி பிளான்ட்டை அடுப்படியில் ஒரு பாட்டில் தண்ணீரில் விட்டால் போதும். வீட்டில் சூடான இடம் அதுதானே. குளிர்காலத்தில் இலை சிறுத்து, ஒன்றிரண்டு மஞ்சளாகும். பரவாயில்லை.

என் ஓட்டு மான்ஸ்டெராவுக்குத்தான். தெற்கு மெக்சிகோவிலிருந்து பனாமா வரையுள்ள ஈரக்காடுகளில், மரமேறி வளரும் செடி அது. உறைபனி நேரடியாகப் படாத வரை, இரவில் 10 டிகிரி வந்தாலும் வளர்ச்சியை நிறுத்திவிட்டுப் பொறுத்துக்கொள்ளும். மார்ச்சில் வெயில் ஏறியதும் நடுவிலிருந்து சுருட்டிய புது இலை ஒன்று பளபளவென்று நீட்டும். அதைப் பார்க்கும் சந்தோஷத்துக்கே வளர்க்கலாம்.

நல்ல வெளிச்சம் வேண்டும். இருட்டு மூலையில் வைத்தால் இலையில் ஓட்டை விழாது, மான்ஸ்டெராவுக்கு அழகே அந்த ஓட்டைகள்தான். ஜன்னல் ஓரம் சரி, ஆனால் இரவில் இலை கண்ணாடியைத் தொடக் கூடாது, தொட்ட இடம் கறுத்துவிடும். சில்லென்ற தரையில் வைக்காமல் மரப்பலகை மேல் வையுங்கள். மண் தொட்டியே நல்லது, ஈரத்தை வெளியே விடும். தோட்ட மண்ணோடு தென்னை நார்க்கழிவும் கரித்துண்டும் தாராளமாகக் கலக்க வேண்டும். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். குளிர்காலத்தில் வெதுவெதுப்பாக ஊற்றுங்கள். கொடைக்கானல்காரர்களுக்கு அக்டோபர், நவம்பர் மழையில்தான் இந்தக் கவனம் அதிகம் தேவை.

மான்ஸ்டெரா, மணி பிளான்ட் இரண்டின் இலையையும் கடித்தால் வாயும் தொண்டையும் எரியும். குழந்தையோ பூனையோ உள்ள வீட்டில் எட்டாத இடத்தில் வையுங்கள். அப்புறம், மேட்டுப்பாளையம் நர்சரியில் வாங்குவதாக இருந்தால் ஏப்ரலில் வாங்குங்கள். நவம்பரில் வாங்கினால், அந்தச் சூட்டில் வளர்ந்த செடி வேர் பிடிப்பதற்குள் பனி வந்துவிடும்.