மீட்டரைக் கழற்றி அனுப்புவதா, பக்கத்தில் இன்னொன்று மாட்டுவதா?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 310 யூனிட், 1,800 ரூபாய்க்குள் கரண்ட் பில் வரும். ஜூன், ஜூலைக்கு 940 யூனிட், 9,000 ரூபாய் என்று வந்தது. யூனிட் மூன்று மடங்கு, தொகை ஐந்து மடங்கு. கேரளத்தில் இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால் படிப்படியான விலை போய்விடும். முதல் யூனிட்டிலிருந்தே உயர்ந்த விலைதான்.

ரீடிங்கைத் தப்பாகக் குறித்திருப்பார்களோ என்று முதலில் மீட்டரைப் பார்த்தோம். எண் சரியாகவே இருந்தது. அதன்பின் முன்னால் இருந்தவை இரண்டு வழிகள்: மீட்டரைக் கழற்றிப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம், அல்லது அதே லைனில் கூடுதல் மீட்டர் ஒன்றை மாட்டும்படி மின் வாரியத்திடம் சொல்லலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன், இன்றும் அதைத்தான் சொல்வேன்.

கூடத்துச் சோதனை சீக்கிரம் முடியும். மீட்டர் உண்மையிலேயே வேகமாக ஓடினால் அதைவிட உறுதியான சான்று கிடையாது. வேலந்தாவளத்தில் என் மச்சான் அப்படித்தான் செய்தார். மீட்டர் சரி என்று முடிவு வந்தது, முழுத் தொகையையும் கட்டினார். அடுத்த பில்லும் அதே உயரத்தில் வந்தது. கூடத்தில் மீட்டரை மட்டும்தானே சோதிக்கிறார்கள்? நம் வீட்டு வயரிங்கும் மோட்டாரும் அங்கே போவதில்லை.

கூடுதல் மீட்டர் நம் வீட்டின் சொந்த லோடிலேயே ஓடுகிறது. 2020ஆம் ஆண்டின் மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் செய்த திருத்தப்படி, ரீடிங் உபயோகத்தோடு பொருந்தவில்லை என்று புகார் கொடுத்தால் ஐந்து நாளில் கூடுதல் மீட்டர் வைத்து, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எங்களுக்கு மாட்ட ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.

அந்த மூன்று மாதமும் காலை ஆறு மணிக்கு இரண்டு ரீடிங்கையும் நோட்டில் எழுதினேன், பக்கத்திலேயே அன்றைய மழையையும். இரண்டு மீட்டரும் ஒன்றாகவே ஓடின. ஆனால் சில நாள் 5 யூனிட், சில நாள் 15. நோட்டைப் புரட்டியபோதுதான் பிடிபட்டது: மழை பெய்து கிணற்றில் நீர் ஏறிய நாள்களில் எல்லாம் பதினைந்து. மோட்டார் கேபிளின் ஜாயின்ட் நீருக்குள் மூழ்கி, கரண்ட் தண்ணீரில் கசிந்திருக்கிறது. சுவிட்ச் நியூட்ரலை (கரண்ட் திரும்பும் வயரை) மட்டுமே துண்டித்ததால் மோட்டாரை நிறுத்தினாலும் பேஸ் (கரண்ட் வரும் வயர்) உயிரோடு இருந்தது. கசிவு வந்தால் தானே விழுந்து கரண்டைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்சான இ.எல்.சி.பி. அடிக்கடி விழுகிறதென்று, பழைய எலக்ட்ரீஷியன் அதை ஒதுக்கிவிட்டு வயரை நேராக இணைத்து வைத்திருந்தார். பிள்ளைகள் அந்தக் கிணற்றில் வாளி விட்டுத் தண்ணீர் இறைப்பார்கள். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. வறண்ட நாளில் எவ்வளவு சோதித்தாலும் இது தெரிந்திருக்காது.

மூன்று மாதம் வரை லைனைத் துண்டித்துவிட மாட்டார்களா என்று கேட்பீர்கள். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆவது பிரிவு இதற்குத்தான் இருக்கிறது. கேட்ட தொகை, முந்தைய ஆறு மாதச் சராசரி, இரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் கட்டினால், தகராறு தீரும் வரை துண்டிக்கக் கூடாது. முதலில் முழுத் தொகையையே கேட்டார்கள். பிரிவைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்ததும் சராசரியை வாங்கிக்கொண்டார்கள். மீதியை, தப்பு எங்கள் பக்கம் என்று தெரிந்த பிறகு கட்டினேன்.

மின் நுகர்வோர் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பு மன்றம் என்று மூன்றாவது வழியும் உண்டு. கோழிக்கோடு, எர்ணாகுளம், கொட்டாரக்கரை என மூன்று இடங்களில் இருக்கின்றன, எதுவும் நமக்குப் பக்கமில்லை. நான் அங்கே போனதில்லை. போவதானால் கையில் இப்படி ஒரு நோட்டு இருப்பது நல்லது. என் அனுபவம் ஒரே வீடு, ஒரே பில்தான். கிணறோ போர்வெல்லோ இல்லாத மாடி வீட்டில், மீட்டர் மேல்தான் சந்தேகம் என்றால், கூடத்துச் சோதனையே போதுமானதாக இருக்கலாம்.

ஜாயின்ட்டை நீர்மட்டத்துக்கு மேலே ஏற்றி, இரண்டு வயரையும் துண்டிக்கும் சுவிட்சும் புது இ.எல்.சி.பி.யும் போட்டோம். அடுத்த பில் 318 யூனிட். மச்சான் வீட்டுக்கும் கூடுதல் மீட்டர் கேட்டுப் போன வாரம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அவர் வீட்டிலும் கிணறு இருக்கிறது.