வெல்டர் பயிற்சி: விஆர், ஏஆர், நேரடிப் பட்டறை – எதை எதற்கு நம்பலாம்?

பணியிடப் பயிற்சிக்கு, முழுக்கக் கணினிக் காட்சிக்குள் கொண்டுபோகும் விஆர் என்னும் மெய்நிகர் உண்மை ஏற்றதா, கண்ணெதிரே உள்ள உண்மைக் காட்சியின் மேல் படங்களைப் பொருத்தும் ஏஆர் என்னும் மிகை மெய்ம்மை ஏற்றதா என்று பொதுவாகக் கேட்டால், எந்தத் தொழிலுக்கும் முழுதாகப் பொருந்தாத பதில்தான் கிடைக்கும். பண்டிகைக் காலக் கூட்டத்தைச் சமாளிக்கக் கடை ஊழியரைப் பழக்குவதும், செங்குத்தான தகட்டில் உருகிய உலோகம் வழிந்துவிடாமல் நிறுத்திப் பிடிக்க ஒரு மாணவனைப் பழக்குவதும் ஒரே வகைப் பயிற்சி அல்ல. ஆகவே இந்த அலசலை வெல்டிங் என்ற ஒரு தொழிலுக்குள் நிறுத்திக்கொள்கிறேன். விஆர் கருவி, ஏஆர் கருவி, நேரடிப் பட்டறை ஆகிய மூன்றும் ஒரே மாணவனுக்காக உண்மையிலேயே போட்டியிடும் தொழில் இது.

முதலில் பட்டறை. மாணவன் ராடை, அதாவது உருகி இணைப்பாகும் உலோகக் குச்சியை, ஹோல்டர் என்னும் கைப்பிடியில் மாட்டி, தகட்டில் உரசி, ஆர்க் என்னும் மின்வில்லைப் பிடிக்கிறான். தொடக்கத்தில் ராடு தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிடுமோ என்று கையைத் தூக்கினால் ஆர்க் நீண்டு, பொறி தெறித்து, அணைந்துபோகும். ஆர்க்கின் நீளம், ராடின் சாய்வு, கை நகரும் வேகம் ஆகிய மூன்றையும் அவன் ஒரே நேரத்தில் காக்க வேண்டும். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவனுக்குத் தெரிவதெல்லாம் உலோகம் உருகி நிற்கும் சிறு குட்டையும் அதன் ஓரமும்தான். ஆசிரியர் தோளருகே நின்றாலும் அவன் பார்க்கும் கோணத்திலிருந்து அதைப் பார்க்க முடியாது. இணைப்பின் மேல் உறைந்து மூடும் ஸ்லாக் என்னும் கசடைச் சிப்பிங் சுத்தியலால் தட்டி எடுத்த பிறகே, ஓரத்தில் விழும் பள்ளமான அண்டர்கட்டும் துளைகளும் வெளிப்படுகின்றன. எந்த நொடியில் கை தவறியது என்பது அதற்குள் மாணவனுக்கே நினைவிலிருந்து நழுவியிருக்கும். செலவையோ விபத்து அச்சத்தையோ விட, பிழைக்கும் திருத்தத்துக்கும் நடுவே விழும் இந்த இடைவெளியைத்தான் நேரடிப் பட்டறையின் பெரிய குறையாக நான் கருதுகிறேன்.

லிங்கன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் விஆர்டெக்ஸ் போன்ற கருவிகள் அந்த இடைவெளியை நேரடியாகக் குறிவைக்கின்றன. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் திரையில் மெய்நிகர் பட்டறை விரிகிறது. கையிலுள்ள ஹோல்டரும் முன்னாலிருக்கும் பிளாஸ்டிக் துண்டும் எங்கே, எந்தச் சாய்வில் இருக்கின்றன என்பதைக் கருவி தொடர்ந்து அளக்கிறது. கை விலகும் கணத்திலேயே மாணவனுக்குக் குறிப்பு கிடைக்கிறது; பீட் என்னும் பற்றவைப்புக் கோடு முடிந்ததும் சாய்வும் தூரமும் வேகமும் எங்கே ஏறி எங்கே இறங்கின என்பது வரைபடமாக வருகிறது. அவன் பார்ப்பதை ஆசிரியரும் வெளித்திரையில் பார்க்கலாம்.

ஸ்பெயினின் சீபெரி நிறுவனம் உருவாக்கிய சோல்டாமேட்டிக் ஏஆர் வழியில் செல்கிறது. ஹெல்மெட்டிலுள்ள கேமரா, பயிற்சித் துண்டின் மேலிருக்கும் குறிகளை அடையாளம் கண்டு, ஆர்க்கையும் பீடையும் அவற்றின் மேல் வரைகிறது. மற்றபடி மாணவன் காண்பது தன் கையுறையையும் தன் மேசையையும்தான். முழங்கையை எங்கே ஊன்றுவது, கேபிளின் இழுப்பை எப்படித் தாங்குவது, எந்தப் பக்கம் சாய்ந்து நிற்பது என்பவை உண்மையான இடத்தில், உண்மையான உடலோடு பழகுகின்றன. தொடக்க மாணவனுக்கு நான் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே ஏஆர் பக்கம் சாய்வேன். விஆரில் பலர் அஞ்சும் தலைச்சுற்றல், கண் காணும் அசைவை உள்காது உணராததால் வருவது. வெல்டர் நின்ற இடத்திலேயே நிற்பதால் இங்கே அதைப் பெரிய வேறுபாடாக எண்ண வேண்டியதில்லை.

இரண்டாலும் தர முடியாதவை சில உண்டு. தலைக்கு மேல் பற்றவைக்கும்போது சட்டைக் காலருக்குள் விழும் பொறி, புகை, நீண்ட பீடின்போது கையுறையைத் தாண்டி ஏறும் வெப்பம், அவற்றால் கை தானாகப் பின்வாங்குவது ஆகியவற்றை எந்தத் திரையும் கற்றுத்தராது. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டதும் இதற்கு இசைவாகவே இருக்கிறது. பயிற்சி நேரத்தில் பாதியை விஆரிலும் பாதியைப் பட்டறையிலும் கழித்தவர்கள், முழுக்கப் பட்டறையில் பயின்றவர்களை விட நான்கு வகைப் பற்றவைப்புகளிலும் மேலான தேர்ச்சி பெற்றார்கள் என்று 2011இல் அவர்கள் வெளியிட்டார்கள். முழுக்க விஆரிலேயே பயில்வதை 2013இல் சோதித்தபோது, எளிய, நடுத்தர வேலைகளுக்கு அது போதுமானதாக இருந்தது. மிகக் கடினமான வேலைக்குக் கலப்புப் பயிற்சியே மேலானதாக அமைந்தது. கருவியை விற்க வருபவர்கள் முதல் முடிவை மட்டும் காட்டினால், இரண்டாவதையும் கேட்டு வாங்க வேண்டும்.

ஏஆரின் பெயரைப் பேசும்போது இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். 1990களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனத்தில் டாம் காடெலும் டேவிட் மிசெலும் இந்த நுட்பத்தை முன்வைத்தது, விமான வயர்களை எந்த வரிசையில் கட்டுவது என்று தொழிலாளியின் கண்ணெதிரே காட்டுவதற்காகத்தான். பின்னாளில் கூகுள் கிளாஸ் என்னும் திரைக் கண்ணாடியைக் கொண்டு இதே வகை வேலையின் நேரத்தை 25 சதவீதம் குறைத்ததாக போயிங் தெரிவித்தது. அது மெச்சத்தக்க வேலைத்துணை. ஆனால் வரிசையை நினைவூட்டும் துணை வேறு, கைத்திறனை வளர்க்கும் பயிற்சி வேறு. அடுத்து எந்த வயர் என்று கண்ணாடி சொல்லும். உருகிய குட்டையை எவ்வளவு அகலத்தில் நிறுத்துவது என்பதைக் கை அறிந்திருக்க வேண்டும்.

கருவிகளின் ஆயுளையும் செலவுக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். கூகுள் கிளாஸின் நிறுவனப் பதிப்பு விற்பனை 2023 மார்ச்சில் நிறுத்தப்பட்டது; மைக்ரோசாஃப்ட்டின் தலையில் அணியும் ஏஆர் கருவியான ஹோலோலென்ஸ் 2 தயாரிப்பு 2024இல் முடிவுக்கு வந்தது. வால்மார்ட் தன் அமெரிக்கக் கடை ஊழியரின் பயிற்சிக்கென 2018இல் 17,000 ஆக்குலஸ் கோ என்னும் விஆர் கருவிகளை அறிவித்தது. 2020இல் அந்தக் கருவியின் விற்பனையும் நின்றது. இவை வெல்டிங் கருவிகள் அல்ல என்றாலும், பாடத்திட்டத்தை ஒரே கருவிக்குள் பூட்டிவைப்பதன் இடரை இவை நன்றாகக் காட்டுகின்றன.

திருச்சி போன்ற கொதிகலன் தொழில் நகரங்களுக்கு வேலை தேடிப் போகும் மாணவனின் நிலையிலிருந்து பார்த்தால் முன்னுரிமை தெளிவாகிறது. கொதிகலன் குழாயைப் பற்றவைக்க விரும்பும் வெல்டர், இந்தியக் கொதிகலன் விதிமுறைகளின்படி உண்மையான துண்டைப் பற்றவைத்துத்தான் தேர்ச்சி பெற முடியும். திரையில் வாங்கிய மதிப்பெண்ணை அங்கே யாரும் கேட்பதில்லை. ஆகவே ஆர்க் பிடிப்பது, சாய்வு, வேகம் ஆகிய முதற்பாடங்களுக்கு ஏஆர் கருவியையும், அது கிடைக்காத இடத்தில் விஆர் கருவியையும் வைத்துக்கொள்ளலாம். அதனால் மிச்சமாகும் ராடும் தகடும் ஆசிரியரின் நேரமும் நிறுவனத்தின் சேமிப்பாக மாறிவிடாமல், செங்குத்துப் பற்றவைப்புக்கும் சாய்ந்த குழாய்க்கும் போராடும் அதே மாணவர்களின் பட்டறைப் பூத்துக்குப் போய்ச்சேர வேண்டும். கருவி வாங்கிய கையோடு ராடுக்கான ஒதுக்கீட்டைக் குறைக்கும் நிறுவனம், அந்தக் கருவியை வாங்காமல் இருப்பதே மாணவர்களுக்கு நல்லது.