எம்.எல்.ஏ. அலுவலகமா, எம்.பி. அலுவலகமா: வடசென்னை மாணவர் எங்கே பயிற்சி பெறலாம்?

வட சென்னை மக்களவைத் தொகுதிக்குள் திருவொற்றியூர், டாக்டர் ராதாகிருஷ்ணன் நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், இராயபுரம் என ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கும். ஆகவே, மக்கள் பிரதிநிதியிடம் பயிற்சி பெற விரும்பும் இப்பகுதி மாணவர், எம்.எல்.ஏ. அலுவலகத்தையோ எம்.பி. அலுவலகத்தையோ நாடலாம். இரண்டிலும் இருந்தவன் என்ற முறையில், முதலில் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கே செல்லுங்கள் என்பேன்.

அங்கே வேலை மனுக்களோடுதான் தொடங்குகிறது: முதியோர் உதவித்தொகை, பட்டா, கல்லூரிச் சேர்க்கைக்குப் பரிந்துரைக் கடிதம். தண்டையார்பேட்டையிலிருந்து வந்த ஓர் அம்மா, கலங்கிய குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். “மழைநீர் வடிகால் என்றால் மாநகராட்சி, சாக்கடையும் குடிநீரும் மெட்ரோ வாட்டர். அங்கே எழுதுங்க தம்பி. எந்தத் தெரு, எத்தனை வீடு, எப்போதிலிருந்து என்று எல்லாம் இருக்கணும்” என்றார் உதவியாளர். எந்தக் குறைக்கு எந்த அலுவலகம் பொறுப்பு என்பதை எந்தப் பாடநூலும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

எம்.பி. அலுவலகத்தில் மக்களைப் பார்ப்பது குறைவு, வாசிப்பு அதிகம். மக்களவைக் கேள்விகளுக்குக் குறைந்தது 15 முழு நாள்களுக்கு முன்பே அறிவிப்புத் தர வேண்டும். ஒரு நாளில் வாய்மொழிப் பதிலுக்கு 20 கேள்விகளே பட்டியலில் இடம்பெறும் என்பதால், ஒவ்வொரு சொல்லையும் எண்ணி எழுதப் பழகுகிறோம்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுகம் மத்திய அரசின் கீழும், போக்குவரத்துக் காவல் மாநில அரசின் கீழும் இருப்பதால், ஒரே நெரிசலுக்கு ஓர் அலுவலகத்தில் மத்திய அமைச்சகத்திடம் கேட்கும் கேள்வியையும், இன்னொன்றில் காவல் துறைக்கான கடிதத்தையும் தயாரிக்கிறோம். அந்த நெரிசலில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளின் பெற்றோர் நேரில் வந்து பேசுவதை முதலில் கேட்டவருக்கு, டெல்லிக்கான கேள்வியை எழுதுவது எளிது. முதலில் எம்.எல்.ஏ. அலுவலகம், பிறகு எம்.பி. அலுவலகம் என்ற வரிசையை நான் வலியுறுத்துவது இதனால்தான்.

எம்.எல்.ஏ. அலுவலகத்தில் சட்டமன்றப் பணியைக் கற்க முடியாது என்று எண்ண வேண்டாம். மானியக் கோரிக்கை விவாதங்கள், அதாவது ஒவ்வொரு துறைக்குமான நிதி ஒதுக்கீடு பற்றிய சட்டமன்ற விவாதங்கள், நடக்கும் மாதங்களில் சேர்ந்தால், துறைகளின் கொள்கை விளக்கக் குறிப்புகளைப் படித்து உரைக்குக் குறிப்பெடுத்துத் தரும் வேலையும் கிடைக்கும். சேரும் முன்பே, தினமும் வேலை கொடுப்பவர் யார் என்பதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.