சுகர் காலுக்கு அஞ்சு வருஷமா நான் யூஸ் பண்ற சாமானுங்க: எது உருப்படி, எது பரண்ல கெடக்கு

எனக்கு சுகர் வந்து 17 வருஷம் ஆச்சு, கால்ல புண்ணு வந்து அஞ்சு வருஷம். நடுவுல இருந்த 12 வருஷமும் காலப் பத்தி நான் யோசிச்சதே இல்ல, ஏன்னா அது வலிக்கல. ஆரம்பத்துல கொஞ்ச நாள் ராத்திரில உள்ளங்கால் காந்தும், ஊசி குத்துற மாதிரி இருக்கும், அப்புறம் அதுவும் தானா நின்னு போச்சு, சரியாயிடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன். சரியாகல, நரம்பு மரத்துப் போயிருக்கு. இது எனக்கு தெரிய வந்த விதம்தான் கொடுமை.

நான் டீச்சர், நாள் முழுக்க நிக்கிற வேலை. ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஷூவக் கழட்டிட்டு உள்ள போறேன், என் பொண்ணு பின்னாடியே வந்து "அம்மா நில்லு, நீ நடந்த எடமெல்லாம் செவப்பா இருக்கு"ங்கறா. கறுப்பு சாக்ஸ், அதுல ரத்தமே தெரியல, தொட்டா மட்டும் ஈரம். ஷூவத் தலகீழா தட்டினா ஒரு தோட்டுத் திருகாணி விழுது. காலைலேர்ந்து எட்டு மணி நேரம் அதுமேலயே நின்னுருக்கேன்.

அதுக்கப்புறம் நான் பண்ணது எல்லாமே தப்பு, அதையும் சொல்லிடறேன். நொர பொங்குற ஹைட்ரஜன் பெராக்ஸைட ஊத்தி கழுவினேன் (நொர வந்தா கிருமி சாவுதுன்னு ஒரு திருப்தி, உண்மைல அது புதுசா வளர்ற சதையையும் சேத்துதான் அரிக்குது), மேல பவுடர், பஞ்சு, இறுக்கமா ஒரு கட்டு, மறுநாள் வேலைக்குப் போயிட்டேன். வலி இல்ல, காய்ச்சல் இல்ல. வெறும் வயித்து சுகர் மட்டும் 140ல இருந்தது 230க்கு ஏறிடுச்சு. நான் என்ன பண்ணேன்னா, சுகர் ஏறுதேன்னு தெனமும் அரைமணி நேரம் கூடுதலா நடந்தேன்! புண்ணுக் காலோட. உடம்புக்குள்ள கிருமி புகுந்தா சுகர் ஏறும், ஏறின சுகர்ல வெள்ளை அணு ஒழுங்கா வேல செய்யாது, அதனால கிருமி இன்னும் பரவும், இந்த சுத்து எனக்கு அப்ப தெரியாது. எட்டாவது நாள் கட்டு மாத்தும்போது நாத்தம் வந்துச்சு, அப்பதான் ஓடினேன்.

டாக்டர் முதல்ல மருந்து எழுதல, மொன மழுங்கின ஒரு மெல்லிசு கம்பிய புண்ணுக்குள்ள விட்டுப் பாத்தாரு. புரை எவ்ளோ ஓடிருக்கு, அடியில எலும்பு தட்டுதான்னு பாக்குறதாம். தட்டல, தப்பிச்சேன். ஆனா புண்ணோட ஓரத்துலேர்ந்து 2 செ.மீ.க்கு மேல செவந்து போயிருந்துச்சு, 2 செ.மீ.க்குள்ள இருந்தா லேசான இன்ஃபெக்ஷன், அத தாண்டினா அடுத்த படி. காலுக்கு ரத்தம் ஓடுதான்னு நாடி தொட்டுப் பாத்து, கட்டைவிரல்லயும் பிரஷர் எடுத்தாங்க. கணுக்கால்ல மட்டும் எடுத்தா போதாதான்னு கேட்டேன், சுகர்காரங்களுக்கு அங்க ரத்தக்குழாய் சுண்ணாம்பு படிஞ்சு வெறச்சுப் போயிருக்கும், ரீடிங் நல்லா இருக்குற மாதிரியே பொய் காட்டும்னாரு. எக்ஸ்ரே நார்மல், ஆனாலும் மூணு வாரம் கழிச்சு திரும்ப எடுக்க சொன்னாரு, எலும்பு பாதிச்சாலும் முதல் ரெண்டு மூணு வாரம் படத்துல தெரியாதாம். ஆன்டிபயாடிக் ரெண்டு வாரம்.

அப்புறம் ஓரத்துல இருந்த காச்சுப்போன தோலையும் செத்த சதையையும் வழிச்சு எடுத்தாங்க பாருங்க, பயறு அளவு இருந்த புண்ணு ரெண்டரை செ.மீ. ஆயிடுச்சு. நான் சண்டைக்கே போயிட்டேன், சின்னதா வந்தத பெருசாக்கிட்டீங்களேன்னு. "இவ்ளோ நாள் நீங்க பாத்தது புண்ணோட வாய மட்டும்தாம்மா, இப்பதான் முழுசா பாக்குறீங்க"ன்னாரு. அடுத்து என்ன மருந்து போடணும்னு கேட்டதுக்கு அவர் சொன்னதுதான் இன்னிக்கு வரைக்கும் என் மண்டைல நிக்குது: "மருந்து கெடக்கட்டும், நீங்க அத மிதிக்காம இருக்க முடியுமா?"

இப்ப சாமான் கதைக்கு வரேன். முதல்ல அந்த பூட்ஸ். முட்டிக்கு கீழ வரைக்கும் வர்ற பிளாஸ்டிக் பூட்ஸ், பட்டை போட்டு இறுக்கறது, கழட்டி மாட்டலாம். பாதத்துல ஒரே எடத்துல விழுற பாரத்த கால் முழுக்க பரப்பி விடும். வெளிய போகும்போதெல்லாம் ஒழுங்கா போட்டேன், வீட்டுக்குள்ள தானேன்னு கழட்டிடுவேன், பாத்ரூமுக்கு நாலு எட்டு, அடுப்படிக்கு பத்து எட்டுன்னு. மூணு வாரம் கழிச்சு ஸ்கேல் வச்சு அளந்தா 2.5 இருந்தது 2.4. அவர் ஒண்ணும் திட்டல, பூட்ஸ் மேலயே மாவுக்கட்டு பேண்டேஜ சுத்தி என்னால கழட்டவே முடியாதபடி பண்ணிட்டாரு. (இன்ஃபெக்ஷன் அடங்கினதும், ரத்த ஓட்டம் நல்லா இருந்ததும் பாத்துட்டுதான் இது, எல்லார் காலுக்கும் இப்படி மூடி வைக்க மாட்டாங்க.) வாராவாரம் பிரிச்சு பாத்துட்டு திரும்ப சுத்துவாங்க. நாலு வாரத்துல பாதிக்கு மேல சுருங்கிடுச்சு, நாலு வாரத்துல பாதியாவது கொறஞ்சாதான் ஆறுற வழியில இருக்குன்னு கணக்காம். பதினோராவது வாரம் மூடிடுச்சு. மருந்து அதே மருந்து, கட்டு அதே கட்டு, மிதிக்கறது ஒண்ணுதான் நின்னுச்சு.

பூட்ஸோட தொல்லையும் சொல்லணும். ஒரு கால் உசந்து போறதால இடுப்பு வலி பின்னி எடுத்துடும், அடுத்த கால் செருப்புக்கு அடியில அதே ஒசரத்துக்கு ஒரு தாங்கல் போட்ட பின்னாடிதான் நடக்க முடிஞ்சுது, இத முதல் நாளே கேட்டு வாங்கிடுங்க. தூங்கும்போது பக்கத்துல இருக்குறவங்க ஷின் எலும்பு ஜாக்கிரதை. குளியல் ஒரு பெரிய ப்ராஜெக்ட். ஆனா தொழுநோயாளிங்க காலுக்கும் கைக்கும் வைத்தியம் பாத்த டாக்டர் பால் பிராண்ட் பல வருஷம் முன்னாடியே இதத்தான் சொன்னாராம், அவங்களுக்கு சதை தானா அழுகல, வலி தெரியாம மிதிச்சு மிதிச்சு காயம் ஆகுது, மாவுக்கட்டு போட்டு காப்பாத்தினா ஆறுதுன்னு. எனக்கு நடந்தது அச்சு அசல் அதே.

கட்டு சாமான்ல நெறைய பணம் விட்டேன். வெள்ளி கலந்த டிரெஸ்ஸிங், தேன் டிரெஸ்ஸிங், ஏதோ ஜெல்னு. சாதா டிரெஸ்ஸிங்க விட அது சீக்கிரம் ஆத்துச்சுன்னு என்னால சொல்ல முடியல, பாதப் புண்ணுக்கான சர்வதேச வழிகாட்டுதல்லயும் புண்ணு ஆறணும்ங்கறதுக்காக வெள்ளி, தேன் எல்லாம் போட வேண்டாம்னுதான் இருக்கு. சலைன்ல கழுவி, சதையில ஒட்டாத காஸ் துணி வச்சு, பேப்பர் டேப், இவ்ளோதான் இப்ப என் டப்பால. டேப்ப விரலச் சுத்தி முழு வட்டமா ஒட்டாதீங்க, வீங்கினா இறுக்கிடும். அதே மாதிரி இன்ஃபெக்ஷன் இல்லாத புண்ணுக்கு சும்மா ஆன்டிபயாடிக் முழுங்கறதும் வேண்டாம், சீக்கிரமும் ஆறாது, அடுத்த தடவ நெஜமா தேவப்படும்போது கேக்காம போயிடும்.

புண்ணு மூடினதும் டாக்டர் இன்னொரு குண்டு போட்டாரு, ஆறினவங்கள்ல 100க்கு 40 பேருக்கு ஒரு வருஷத்துக்குள்ள திரும்ப வருது, அஞ்சு வருஷம்னு பாத்தா 65 பேர் கிட்டன்னு. அந்த பயத்துல வாங்கினதுதான் மிச்ச சாமான் எல்லாம்.

என் லிஸ்ட்ல முதலிடம் வெள்ள சாக்ஸ்க்கு. சிரிக்காதீங்க. ரத்தம், சீழ், தண்ணி எது கசிஞ்சாலும் கழட்டும்போதே தெரியும். தையல் உறுத்தாம இருக்க உள்பக்கத்த வெளிய திருப்பி போடுவேன், மேல எலாஸ்டிக் அச்சு விழாத மாதிரி லூசா பாத்து வாங்குவேன். ரெண்டாவது கண்ணாடி. கைப்பிடி வச்ச கண்ணாடி வாங்கி ஒடைச்சேன், இப்ப தரையில ஒண்ணு சாச்சு வச்சிருக்கேன், அதுமேல கால நீட்டினா உள்ளங்கால் முழுசா தெரியும். ஞாயித்துக்கிழம மட்டும் போன்ல போட்டோ எடுத்து போன வாரத்து படத்தோட ஒப்பிடுவேன். சுகர்ல கண்ணு மங்கினவங்க நீங்களே பாக்கறேன்னு அடம் பிடிக்காம வீட்ல ஒரு ஆளக் கூப்பிடுங்க.

நான் ரொம்ப கொறச்சலா நெனச்சு, அப்புறம் அசந்து போன சாமான் தோல் சூடு பாக்குற தெர்மாமீட்டர், தொடாம லைட் அடிச்சு பாக்கறது. ரெண்டு பாதத்துலயும் அதே ஆறு எடம், கட்டைவிரல், அதுக்கு அடிமேடு, இப்படி. இடது வலது வித்தியாசம் 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல ரெண்டு நாள் தொடர்ந்து இருந்தா உள்ள ஏதோ வெந்துகிட்டு இருக்குன்னு அர்த்தம், நடைய கொறச்சுட்டு போய் காட்டணும். எனக்கு நாலு வருஷத்துல மூணு தடவ அடிச்சுது. ரெண்டு தடவ வெத்து அலாரம், ஒரு கால் மட்டும் போர்வைக்குள்ள இருந்தத உடனே அளந்திருக்கேன் (பத்து நிமிஷம் ரெண்டு காலையும் தெறந்து வச்சுட்டு அளங்க). மூணாவது தடவ நெஜம், இடது கட்டைவிரல் அடிமேட்டுல 3 டிகிரி கூட, வெளிய பாத்தா வெறும் காச்சுப்போன தோல். சீவிப் பாத்தா அதுக்கடியில ரத்தம் கட்டி இருந்துச்சு. இன்னும் பத்து நாள் விட்டிருந்தா அது அடுத்த புண்ணு. இன்னொண்ணு, புண்ணே இல்லாம ஒரு பாதம் மொத்தமா சூடா வீங்கி செவந்திருந்தா சுளுக்குன்னு தைலம் தேய்க்காதீங்க, சார்க்கோன்னு ஒண்ணு இருக்கு, உள்ள எலும்பு நொறுங்கிகிட்டு இருக்கலாம், அன்னிக்கே கால கீழ வைக்காம போகணும்.

மோனோஃபிலமென்ட்னு 10 கிராம் அழுத்தத்துல வளையுற நைலான் இழை ஒண்ணு, உணர்ச்சி இருக்கான்னு குத்திப் பாக்கறது. வாங்கினது வேஸ்ட், உணர்ச்சி போச்சுன்னு தெரிஞ்சப்புறம் அத வச்சு நான் என்ன பண்ண? இன்னும் புண்ணு வராதவங்க காசு செலவில்லாம ஒண்ணு பண்ணலாம்: கண்ண மூடிட்டு படுங்க, வீட்ல யாராவது ரெண்டு கால்லயும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிய ஒரு ரெண்டு செகண்ட் லேசா தொடட்டும், அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. ஆறுல ரெண்டோ அதுக்கு மேலயோ தெரியலன்னா டாக்டர்கிட்ட போய் முறையா டெஸ்ட் பண்ணிக்கோங்க. என் வீட்டுக்காரர் தனக்கு ஒண்ணும் இல்லன்னு சவடாலா படுத்தாரு, மூணு தெரியல.

பித்தவெடிப்புக்கு 10 சதவீதம் யூரியா கலந்த கிரீம், நல்லா கேக்குது. நரம்பு கெட்டா கால்ல வேர்க்காது, அதான் தோல் காஞ்சு வெடிக்குது, வெடிப்பு வழியா கிருமி போகுது. விரலிடுக்குல மட்டும் தடவாதீங்க, ஈரம் நின்னு சேத்துப்புண் வரும், அதுவும் ஒரு வாசல்தான்.

பரண்ல கெடக்கறது: வெந்நீர்ல கால ஊறவைக்கிற மசாஜ் டப். கொதிக்கிற சூடு கூட தெரியாத காலுக்கு இதப் பரிசா குடுத்த சொந்தக்காரங்கள என்ன சொல்ல. ஊறின தோல் பிஞ்சும் போகும். இப்ப தண்ணிய தெர்மாமீட்டர்ல பாத்து 37க்கு கீழ இருந்தாதான் கால வைப்பேன், கழுவினதும் தொடச்சுடுவேன். அடுத்தது கால் ஆணிக்கு ஒட்டுற ஆசிட் பிளாஸ்டர், அது ஆணிய மட்டுமா அரிக்கும், வலி தெரியாதவங்க தொடவே வேண்டாம், பிளேடும் அதே கதைதான்.

ஷூ சாயங்காலம் வாங்குங்க, கால் வீங்கி இருக்குற நேரம். உள்ள நீளம் கால விட ஒண்ணுலேர்ந்து ரெண்டு செ.மீ. கூட இருக்கணும். உள்ள போடுற மெத்தை கொஞ்ச நாள்ல சப்பையாயிடும், நான் கட்டைவிரல் பள்ளம் நிரந்தரமா விழுந்துட்டா மாத்திடுவேன்.

கால் மட்டும்னு நெனச்சுடாதீங்க, ஈறுல ரத்தம், யூரின் எரிச்சல், அரிப்பு இதுக்கெல்லாம் பின்னாடி கிருமி இருந்தா அதுவும் சுகர ஏத்தும், சுகர் ஏறினா இதெல்லாமும் கூடும். யூரின்ல சக்கரைய வெளியேத்துற மாத்திரை சாப்பிடறவங்களுக்கு அந்தரங்கத்துல பூஞ்சை வரலாம், எனக்கு வந்துச்சு, கூச்சத்துல ஒரு மாசம் சொல்லாம இருந்தேன். காய்ச்சல் வாந்தின்னு படுத்தா எந்த மாத்திரைய நிறுத்தணும், இன்சுலின எப்படி கூட்டணும் கொறைக்கணும்னு நல்லா இருக்கும்போதே டாக்டர்கிட்ட எழுதி வாங்கி வச்சுக்கோங்க, இன்சுலின மட்டும் தானா நிறுத்திடாதீங்க. சுகர் பாக்க தோல்ல சென்சார் ஒட்டுற எடத்தையும் இன்சுலின் ஊசி போடுற எடத்தையும் மாத்தி மாத்தி போடறேன். ஃப்ளூ ஊசி வருஷா வருஷம், நிமோனியா ஊசியும் போட்டாச்சு.

செவப்பு பரவுது, விரல் கறுக்குது, நாத்தம், குளிர் காய்ச்சல், இல்ல காரணமே இல்லாம சுகர் ரெண்டு நாளா எகிறுதுன்னா, காலையில பாத்துக்கலாம்னு தள்ளாதீங்க, அன்னிக்கே போங்க. சின்ன காயம்னா கூட 24 மணி நேரத்துக்குள்ள காட்டிடறேன், ஏன் இவ்ளோ சின்னதுக்கு வந்தீங்கன்னு இதுவரைக்கும் அந்த டாக்டர் ஒரு தடவ கூட கேட்டதில்ல.

அஞ்சு வருஷத்துல அந்த எடத்துல திரும்ப புண்ணு வரல. ஒரு நாளைக்கு எனக்கு ஆகுற நேரம் ஆறேழு நிமிஷம். காலையில ஷூ போடறதுக்கு முன்னாடி கைய உள்ள விட்டு தடவிப் பாக்கற பழக்கத்த பொண்ணு கிண்டல் பண்ணுவா, "என்னம்மா, இன்னிக்கு பொதையல் எதுவும் கெடச்சுதா"ன்னு. போன வாரம் கெடச்சுது, ஒடஞ்ச பென்சில் முனை, எந்த பிள்ளையோடதோ.