முடி அடைப்போடு நாலு வருஷம்

எங்கள் வீட்டில் நீள முடிக்காரர்கள் மூன்று பேர்: அம்மா, நான், மகள். 2021-இல் மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்தின் பெஸ்தாரி ஜெயாவுக்குக் குடிவந்தோம். 2007-இல் பெயர் மாறினாலும் எங்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். வந்த மூன்றாம் மாதமே பாத்ரூமில் கணுக்கால் நனையத் தண்ணீர் நின்றது. அன்று தொடங்கி நான் ஊற்றிப் பார்த்தது, வாங்கிப் பார்த்தது எல்லாம் இதோ.

முதலில் சமையல் சோடாவும் வினிகரும். பொங்கி வந்ததைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பொங்குவது வெறும் கரியமில வாயு, முடியை அது ஒன்றும் செய்யாது. கொதிநீரும் ஊற்றினேன். பிசுக்கு கொஞ்சம் இளகும், ஆனால் சாதாரண பிவிசி குழாய் 60 டிகிரிக்கு மேல் தாங்கச் செய்ததல்ல. இப்போது கை பொறுக்கும் சூட்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அப்புறம் சோடா அப்பி, அதாவது காஸ்டிக் சோடா. முடி என்பது கெராட்டின் என்ற புரதம். தண்ணீரில் எத்தனை நாள் ஊறினாலும் கரையாது, கடுமையான காரத்தில் கரையும். அதனால் சோடா அப்பி வேலை செய்யும், பொய் சொல்லக்கூடாது. முதல் தடவை அடைப்பு விட்டது. ஆனால் அதை அளந்து போட நான் எடுத்தது அம்மாவின் பழைய அலுமினியக் குவளை. ஈரம் பட்டதும் நுரைத்துக் கறுத்து, பிடிக்க முடியாத அளவு சுட்டது. காரம் அலுமினியத்தை அரிக்கும், கூடவே ஹைட்ரஜன் வரும் என்று ஆறாம் படிவத்தில் வேதியியல் எடுத்திருந்த மகள் பிறகு வகுப்பெடுத்தாள். ஒரு சொட்டு கால்விரலில் தெறித்தது. உடனே எரியவில்லை, சோப்பு போட்டது போல வழவழவென்றிருந்தது. என் தோலில் இருந்த கொழுப்புதான் சோப்பாகிக்கொண்டிருந்ததாம்! கால் மணி நேரம் குழாயடியில் காலை வைத்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாம் தடவை தண்ணீர் போதாமல் போட்டதில், சோடா அப்பி உள்ளேயே கல்லாக இறுகிவிட்டது. வேறு வழியில்லாமல் பிளம்பரைக் கூப்பிட்டோம். அவர் பையை வைக்கும் முன்பே கேட்டது, "அக்கா, உள்ள ஏதாச்சும் ஊத்துனீங்களா?" ஏன் கேட்டார் என்பது பிறகுதான் புரிந்தது. ஊற்றியதைச் சொல்லாவிட்டால் குழாயைக் குடைபவர் முகத்தில்தான் அது தெறிக்கும். கழிவறை கழுவும் ஆசிட்டோடு பிளீச் கலந்தால் குளோரின் வாயு வரும் என்றும் எச்சரித்தார். சுருள் கம்பியை விட்டு அவர் இழுத்து எடுத்தது ஒரு கறுத்த கயிறு. பாதி முடி, மீதி சீயக்காய்த் தூளும் வெந்தயமும் எண்ணெயும் சேர்ந்த களி. கூலி 120 வெள்ளி (ரிங்கிட்).

அன்று அம்மா ஒரு வார்த்தை சொன்னார். "குளிக்கிறதுக்கு முன்னாடி சீவமாட்டீங்களா?" அம்மா இருந்த எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) குழாயடியில்தான் குளியல், தண்ணீர் திறந்த லோங்காங்கில் (கழிவுநீர்க் கால்வாயில்) ஓடிவிடும். அங்கே அடைப்பு என்ற பேச்சே இல்லை. இருந்தும் அம்மா சீப்பில் வந்த முடியைச் சுருட்டிக் கூரை இடுக்கில் செருகி வைப்பார், சவுரி கட்ட. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. சீவாமல் போய்த் தலைக்கு ஊற்றினால் இரண்டு மூன்று நாள் உதிர்ந்தது மொத்தமாகத் தண்ணீரோடு போகும். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு முன் சிக்கெடுக்க ஆரம்பித்தோம். வாங்கிய எந்தச் சாமானையும்விட இதுதான் அதிகம் உதவியது. கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது, 120 வெள்ளி கொடுத்த பிறகு சொல்கிறாரே என்று.

வாங்கியதில் தேறியது இரண்டுதான். ஒன்று, தரை மூடிக்கு அடியில் போடும் எவர்சில்வர் சல்லடை. தினமும் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே அடைக்கும். சிலிக்கோன் மூடியும் வாங்கினேன், எண்ணெய்ப் பசையில் நழுவி நழுவிப் போனது. இன்னொன்று, இரண்டு பக்கமும் முள் வைத்த பிளாஸ்டிக் பட்டை, அரை மீட்டர் நீளம், சில வெள்ளிதான். உள்ளே விட்டு, திருகி, மெதுவாக இழுக்க வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு, காலைப் பசியாறலுக்கு முன்னால் (பின்னால் என்றால் நிச்சயம் வருந்துவீர்கள்). 2022-இலிருந்து இரண்டாவது பட்டை ஓடுகிறது, முதலாவதில் முள்ளெல்லாம் உடைந்துவிட்டது. பிளம்பரை மறுபடி கூப்பிடவில்லை.

ஒரு விஷயம் மறந்துவிட்டேன். தரைக்குழியின் உள்ளே கிண்ணம் போல ஒன்று இருக்கும். சுத்தம் செய்ய எடுத்தால் திரும்ப வைக்க வேண்டும். அதில் நிற்கும் தண்ணீர்தான் நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கிறது. நான் ஒரு தடவை வெளியே காயவைத்துவிட்டு மறந்தேன். அந்த ராத்திரி பாத்ரூம் விளக்கைப் போட்ட மகளின் அலறலில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி எழுந்து வந்துவிட்டார்.

இப்போது சல்லடையில் சிக்குவது பெரும்பாலும் மகளின் முடிதான். அம்மாவின் பின்னல் சுண்டுவிரல் தடிமனுக்கு வந்துவிட்டது. மகள் அடுத்த மாதம் பல்கலைக்கழக விடுதிக்குப் போகிறாள். பெட்டியில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் புதுப் பட்டை ஒன்றைச் செருகி வைத்திருக்கிறேன். இன்னும் அவள் பார்க்கவில்லை.