தாழ்வாரத்தில் மலைப்புல்: மூன்று வருட அனுபவம்

டிசம்பர் விடுமுறையில் நியூசிலாந்து போய்வந்த தோழி, லிண்டிஸ் கணவாயில் எடுத்த படங்களை அனுப்பினாள். 971 மீட்டர் உயரத்தில் மலைச்சரிவு முழுக்கப் பொன்னிறத்தில் தூர் தூராய்ப் புல். "அக்கா, உங்க வீட்டுல இருக்கறது இதுதானே? நானும் வளர்க்கட்டுமா?"

என்னிடம் இருப்பது அதற்கு நெருங்கிய சொந்தமான ரெட் டஸக், செம்பு நிறத்தில் தூர் கட்டும் நியூசிலாந்துப் புல். சிங்கப்பூர் ஜூரோங் வெஸ்ட்டில் ஏழாம் மாடித் தாழ்வாரம், காலை வெயில் படும் இடம். விதையில் முளைத்த ஆறு நாற்றில் ஒன்றுதான் மிச்சம். சொந்த மண்ணில் ஒரு மீட்டரைத் தாண்டி வளர்வது, இங்கே என் முழங்காலைக்கூடத் தொடவில்லை.

பகல் வெயிலை நான் குறை சொல்லமாட்டேன். என் கோபமெல்லாம் இந்த ஊர் இரவின் மேல்தான். நள்ளிரவிலும் 25, 26 டிகிரி. பகலெல்லாம் இலை சேர்த்த சர்க்கரையை இரவுப் புழுக்கத்தில் மூச்சுவிட்டே தீர்த்துவிடுகிறது. மலையில் இரவு குளிரும், செலவு குறையும், மிச்சம் வேருக்கும் தூருக்கும் போகும். இங்கே மிச்சமே கிடையாது. ஏர்கான் அறைக்குள் வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் போதாமல் ஒரு பக்கம் காய்ந்தது.

அப்புறம் தண்ணீர். ஈரம் காயவே கூடாத புல் இது. தட்டில் தண்ணீர் நிறுத்தலாமென்றால் ஏடிஸ் கொசு வந்துவிடும். அதனால் தினம் இரண்டு வேளை கையால் ஊற்றுகிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போன பத்து நாளும் பக்கத்து வீட்டு மக்சிக்தான் (மலாய் அத்தை) ஊற்றினார். பூவை எதிர்பார்க்கவே வேண்டாம். அதன் ஊரில் ஒரு கோடை முந்தைய கோடையைவிடச் சூடாக இருந்தால், அடுத்த கோடையில் கூட்டமாகப் பூக்கும். நமக்கு எல்லா மாதமும் கோடை.

ஆனால் ஜனவரி அடைமழையில் வெப்பம் 22 டிகிரிக்கு இறங்கியதே, அந்த வாரம் மூன்று புதுக் குருத்து விட்டது. செம்புக் கம்பி மாதிரி. காலை வெளிச்சம் அதில் படும்போது வேறு எந்தச் செடியையும் பார்க்கத் தோன்றவில்லை.

சரி, தோழிக்கு என்ன சொன்னேன்? வாங்காதே என்றுதான். எனக்கே ஆறில் ஒன்றுதான் பிழைத்தது. வெட்டிவேர் வை, அதுவும் தூர் கட்டும் புல்தான், வெயிலுக்கென்றே பிறந்தது, தொட்டியைக் கவிழ்த்தால் வேர் மணக்கும். என்னிடமிருந்தே ஒரு தூர் பிரித்துத் தருகிறேன் என்றேன்.

"அப்ப அந்த ரெட் டஸக்கை எடுத்துடுவீங்களா?" என்றாள்.

மாட்டேன். போன வாரம்தான் இன்னும் பெரிய தொட்டிக்கு மாற்றினேன்.