ஃப்ளஷ் டிராவோட மூணு வருஷம் குப்பை கொட்டின அனுபவம்

நேத்து ராத்திரி பதினொன்றரைக்கு, என்னை மாதிரியே போக்கர் ஆடுற நண்பன்கிட்ட இருந்து மெசேஜ். "டேய், ஃப்ளாப்ல ஃப்ளஷ் டிரா வந்தா கால் பண்ணணுமா, ஆல்-இன் தள்ளணுமா, ஒரே வரியில சொல்லு." அந்த "ஒரே வரியில"யைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு, பய அப்பதான் டோர்னமென்ட்ல இருந்து வெளிய வந்திருக்கான். நானும் அதே சூட்டுல தான் இருந்தேன், ஏன்னு பின்னாடி சொல்றேன், அதனால அவனுக்கு பதில் போடாம இதை எழுத உக்காந்துட்டேன். பாடம் எடுக்கப்போறதில்ல, புதுசா வர்றவங்களுக்கு மட்டும் சுருக்கமா: கையில ரெண்டு சீட்டு, மேசையில பொதுவா மொதல்ல மூணு (ஃப்ளாப்), அப்புறம் ஒண்ணு (டர்ன்), கடைசியா ஒண்ணு (ரிவர்). ஒரே சின்னத்துல அஞ்சு சீட்டு சேர்ந்தா ஃப்ளஷ், நாலு சேர்ந்து ஒண்ணுக்கு காத்திருந்தா ஃப்ளஷ் டிரா, அந்த ஒண்ணைத் தரக்கூடிய மிச்ச சீட்டுங்கதான் அவுட்ஸ். கால்னா எதிராளி போட்டதுக்கு சமமா போடுறது, ஆல்-இன்னா மொத்தத்தையும் தள்றது, ஃபோல்ட்னா சீட்டைக் கீழ போட்டு விலகுறது, பாட்னா நடுவுல சேர்ந்த சிப்ஸ்.

மொத வருஷம் எனக்கு வேதவாக்கே அந்த 4-2 வாய்ப்பாடுதான். ஃப்ளாப்ல அவுட்ஸை 4-ஆல பெருக்கு, டர்ன்ல 2-ஆல பெருக்கு, அவ்ளோதான். ஃப்ளஷ் டிராவுக்கு 9 அவுட்ஸ், பெருக்கினா 36, நெஜமான கணக்கு 35 சதவீதம். ரெண்டு பக்கமும் திறந்த ஸ்ட்ரெயிட்டுக்கு (வரிசையா அஞ்சு சீட்டு) 8 அவுட்ஸ், 32 வரும், நெஜம் 31.5. வரிசையோட நடுவுல ஒரே ஒரு சீட்டு குறையுற கட்ஷாட்டுக்கு 4 அவுட்ஸ், 16 வரும், நெஜம் 16.5. கையில சீட்டை வச்சுகிட்டு பத்து செகண்டுல போடுற மனக்கணக்குக்கு இதுக்கு மேல என்ன வேணும், குறை சொல்ல மனசே வராது. அவுட்ஸ் நெறைய ஆனா மட்டும் கொஞ்சம் ஊதிக் காட்டும், 15 அவுட்ஸுக்கு 60-ன்னு சொல்லும், நெஜம் 54 தான். அதுக்கும் வைத்தியம் இருக்கு, 8-க்கு மேல எத்தனை அவுட்ஸோ அதைக் கழிச்சுக்கோ, 60-ல 7 போனா 53.

ஆனா இந்த வாய்ப்பாடு மேல எனக்கு தீராத கடுப்பு ஒண்ணு இருக்கு, மூணு வருஷமா ஆறல. அந்த 36 ரெண்டு சீட்டுக்கான கணக்கு. ரெண்டு சீட்டையும் வேற செலவே இல்லாம பார்த்தா தான் அது செல்லும், அதாவது ஃப்ளாப்லயே யாராவது ஆல்-இன் போயிருக்கணும். இதை எனக்கு சொல்லிக் குடுத்தவன் இந்த ஒரு வரியை மட்டும் முழுங்கிட்டான். பாட்ல 8 பிளைண்ட் (ஆட்டம் ஆரம்பிக்க கட்டாயமா போடுற பந்தயம், அதையே அளவா வச்சு சொல்றேன்) கெடக்கு, எதிராளி 4 போடுறான், நான் 4 போட்டு 16-க்கு ஆடணும், கால் பண்ண 25 சதவீதம் வேணும், என்கிட்ட 36 இருக்கு, சந்தோஷமா கால். டர்ன்ல சம்பந்தமே இல்லாத சீட்டு. இப்ப பாட் 16, அவன் மிச்சம் இருக்குற 20-ஐயும் தள்ளுறான், கால் பண்ண கிட்டத்தட்ட 36 சதவீதம் வேணும், என்கிட்ட இருக்குறது 20 கூட இல்ல, ஃபோல்ட். ரெண்டு சீட்டு பார்க்கப்போறோம்னு காசு கட்டி ஒரு சீட்டோட எழுந்து வந்த கதை. ஒரு சீட்டுக்கு என் வாய்ப்பு 19 தான், அப்ப அந்த மொத கால் ஆரம்பத்துலயே நஷ்டம். இதையே ஒரு வருஷம் டோர்னமென்ட் டோர்னமென்ட்டா செஞ்சிருக்கேன், ஒவ்வொரு தடவையும் 4 பிளைண்ட், சொட்டுச் சொட்டா, எங்க போகுதுன்னே தெரியாம ஸ்டாக், அதான் கையில இருக்குற சிப்ஸ், கரையும்.

டோர்னமென்ட் இல்லாம நேரடியா காசு வச்சு கேஷ் கேம் ஆடுறவங்க உடனே சொல்லுவாங்க, ஃப்ளஷ் விழுந்தா அப்புறம் வசூல் பண்ணிக்கலாமேன்னு. 100 பிளைண்ட் வச்சுகிட்டு ஆடுறவனுக்கு அது சரி. டோர்னமென்ட் பாதி தாண்டினா அவனவன் கையில 20, 25 பிளைண்ட், அவன்கிட்ட வசூல் பண்ண என்ன இருக்கு? மூணாவது ஆட்டின் விழுந்ததுமே அவனும் உஷாராயிடுவான், அவனுக்கும் கண்ணு இருக்குல்ல.

இப்ப புகழ்ச்சி. ரெண்டாவது வருஷம் தான் எனக்கு உறைச்சுது, டிரா கால் பண்றதுக்கான சாமான் இல்ல, தள்றதுக்கான சாமான். கணக்கைப் பாருங்க. பாட்ல 6 பிளைண்ட், ரெண்டு பேர்கிட்டயும் மிச்சம் 14. அவன் மொதல்ல தள்ளினா நான் 14 போட்டு 34-க்கு ஆடணும், 41 சதவீதம் வேணும், என்கிட்ட 35, ஃபோல்ட் பண்ணிட்டு போகணும். அதே கை, அதே ஃப்ளாப், அதே 14, ஆனா நான் மொதல்ல தள்ளுறேன்னு வைங்க. அவன் கால் பண்ணா எனக்கு சராசரியா 2.1 பிளைண்ட் நஷ்டம், ஃபோல்ட் பண்ணிட்டா 6 பிளைண்ட் லாபம். அப்படின்னா 100-க்கு 26 தடவை அவன் ஃபோல்ட் பண்ணாலே எனக்கு சரிக்கு சரி, அதுக்கு மேல பண்ணா லாபம். 35 சதவீதம் 35 சதவீதமாவே தான் இருக்கு, யாரு மொதல்ல வாயைத் திறக்குறாங்கங்கிறதுல நஷ்டம் லாபமா மாறுது. இது புரிஞ்ச அன்னிக்கு எனக்கு தூக்கமே வரல, பழைய ஆட்டங்களை எல்லாம் நெனச்சு நெனச்சு புரண்டு படுத்தேன்.

உடனே எல்லா டிராவையும் தள்ள ஆரம்பிச்சு அதுலயும் வாங்கிக் கட்டிகிட்டேன். அந்த 26 கணக்கு ஃபோல்ட் பண்ற ஆளுக்குத்தான். ஃபோல்ட் பண்ணவே தெரியாதவன் ஒருத்தன் ஒவ்வொரு டேபிள்லயும் உக்காந்திருப்பான். ஒரு தடவை ஃப்ளாப்ல கிங், பத்து, அஞ்சு, நான் ரெண்டு இஸ்பேட் வச்சுகிட்டு தள்ளுறேன், அவன் ஒரு சிப்பை விரல் இடுக்குல உருட்டிகிட்டே என் மூஞ்சிய பார்க்குறான், பார்க்குறான், அப்புறம் அந்த ஒரே ஒரு சிப்பை மெதுவா முன்னாடி வச்சான். கால். திறந்தா ஒம்போது-அஞ்சு. மூணாவது ஜோடி, வெறும் அஞ்சு ஜோடி! "நீ டிராவா தான் இருப்பன்னு நெனச்சேன்"ங்கிறான். கரெக்டா தான் நெனச்சிருக்கான். இஸ்பேட் வரல.

வரலங்கிறதும் இதோட இன்னொரு குணம். மூணுல ரெண்டு தடவை வராது, அது தெரிஞ்சு தான் வாங்குறோம், ஆனா தொடர்ந்து அஞ்சு தடவை வராம போறதுக்கே 11, 12 சதவீதம் வாய்ப்பு இருக்கு. காகிதத்துல சின்ன நம்பர், ஒரே வாரத்துல நடந்தா சீட்டுக்கட்டு மேலயே சந்தேகம் வரும். சரி, வந்துட்டா மட்டும்? ஆட்டின் எட்டு-ஏழு வச்சு ஃப்ளஷ் அடிச்சு, எதிர்ல ஆட்டின் ஏஸ் இருந்து எழுந்து வந்ததும் நடந்திருக்கு. சின்ன சீட்டு டிராவுல 9 அவுட்ஸை 9-ன்னே எண்ணாதீங்க.

இப்ப பப்பிள், அதாவது இன்னும் ஒருத்தன் வெளிய போனா மிச்ச எல்லாருக்கும் பரிசுங்கிற கட்டம். நாலு பேர் மிச்சம், மூணு பேருக்கு பரிசு, 50-30-20-ன்னு பிரிக்குறாங்க, நாலு பேருக்கும் சம ஸ்டாக். என் ஸ்டாக்கோட மதிப்பு பரிசுல 25. ஆல்-இன் போய் ஒருத்தனை முடிச்சா சிப்ஸ் ரெண்டு மடங்கு ஆகுது, மதிப்பு 50 ஆகுதா? இல்ல, 38.3 தான். தோத்தா 25-ம் காலி. அப்ப அந்த காலுக்கு 25-ஐ 38.3-ஆல வகுத்தா வர்ற 65 சதவீதம் வேணும். பாட்ல ஏற்கனவே கெடக்குற சிப்ஸை சேர்த்தா கொஞ்சம் குறையும், ஆனாலும் ஃப்ளஷ் டிரா கிட்டயே வராது, ஃப்ளஷும் ஸ்ட்ரெயிட்டும் சேர்ந்த 15 அவுட்ஸ் ராட்சசனே 54 தானே. ஆனா இதே கணக்கு அவனையும் கட்டிப்போடுது, அதனால அவனைவிட பெரிய ஸ்டாக் உங்ககிட்ட இருந்தா தாராளமா தள்ளலாம், பாவம் அவன் சுமாரான ஜோடியைக்கூட ஃபோல்ட் பண்ணிட்டு போவான்.

நேத்து நடந்தது இதுதான். நாலு பேர், மூணு பரிசு. என் கையில ஆட்டின் ராணி, ஆட்டின் ஜாக்கி. ஃப்ளாப்ல ஆட்டின் பத்து, கிளாவர் ஒம்போது, ஆட்டின் மூணு. 15 அவுட்ஸ். எனக்கு முன்னாடி ஒருத்தன் தள்ளிட்டான், இன்னொருத்தன் அதை கால் பண்ணிட்டான், என்கிட்ட வருது. ரெண்டு பேர் மோதுறாங்க, ஒருத்தன் வெளிய போக வாய்ப்பு அதிகம், நான் சும்மா உக்காந்திருந்தாலே பரிசு. நான் மேல எழுதின அத்தனை கணக்கும் ஃபோல்ட்னு தான் சொல்லுது. ஃபோல்ட் பண்ணேன்.

கால் பண்ணவன் கையில ரெண்டு கிங், அதாவது என் அவுட்ஸ்லயே ரெண்டு அவன் கையில செத்துக் கெடந்திருக்கு. டர்ன்ல ஆட்டின் நாலு. ரிவர்ல ஒண்ணுமில்ல. கிங் ஜெயிச்சுது, தள்ளினவன் வெளிய, நான் பரிசுக்குள்ள, மூணாவதா முடிச்சேன். எல்லாம் சரியா தான் செஞ்சிருக்கேன், ஆனா அந்த ஆட்டின் நாலு இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது, ரெண்டு ஸ்டாக்கும் மொத்தமா என் பக்கம் வந்திருக்கும்.

நண்பனுக்கு கடைசில ஒரே வரியில தான் பதில் போட்டேன்: "நீ மொதல்ல தள்ளு, இல்லன்னா ஃபோல்ட் பண்ணிடு". ப்ளூ டிக் விழுந்துது, பதில் இல்ல. ஸ்டார் போடணும்னா, டோர்னமென்ட்ல தள்றதுக்கு ஏத்த கைகள்ல ஃப்ளஷ் டிராவுக்கு நாலரை குடுக்கலாம், நியாயம் அதுதான். இன்னிக்கு ரெண்டு தான் குடுப்பேன். அடுத்த வாரம் ஒண்ணு விழுந்ததும் கேளுங்க, மாத்திடுறேன்.